டிலீட் பட்டன் மேல கை வெச்சிருக்குற சீனத்துத் தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வெய்போ, வீசாட், டௌயின், பிலிபிலி, எந்த ஆப்பா வேணா இருக்கட்டும், அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய ஆபீஸ் ஹால்ல வரிசையா ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து, எந்த போஸ்ட் இருக்கலாம் எந்த போஸ்ட் போகணும்னு ஷிப்ட் போட்டு பாத்துக்கிட்டிருக்குற தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

நான் சிங்கப்பூர்ல வேலை பாக்குற ஒரு தமிழ் ஆளு. சீன மொழி எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா உங்க நாட்டு நெட்ல என்ன நடக்குதுன்னு ரொம்ப வருஷமா விடாம கவனிச்சுக்கிட்டு வரேன், கூட வேலை பாக்குற சீன நண்பர்கள்கிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது பாதி, செய்தியில படிச்சது பாதி. சென்சார்ஷிப்ப பத்தி யாரு லெட்டர் எழுதுனாலும் அது நேரா பீஜிங்ல இருந்து நெட்டக் கண்காணிக்கிற சைபர்ஸ்பேஸ் நிர்வாகத்துக்கோ கட்சிக்கோதான் போகும். அவங்களுக்கு எழுதுறவங்க எழுதட்டும். எனக்கு உங்ககிட்டதான் பேசணும்னு தோணுது, ஏன்னா அவங்க உத்தரவு போடுறாங்க, உக்காந்து படிக்கிறது நீங்கதான். 110 கோடிப் பேருக்கு மேல நெட் யூஸ் பண்ற நாட்டுல ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு தன் வீட்டுக் கஷ்டத்தையோ ஊர்ல நடந்த அநியாயத்தையோ அழுதுகிட்டே டைப் பண்ணி போடுறார், கொஞ்ச நேரத்துல அது காணாம போயிடுது. அந்த போஸ்ட்ட முழுசா படிச்ச ஒரே ஆள் பல நேரம் நீங்க மட்டும்தான். உங்க ஜனங்க என்ன பேச நினைச்சாங்கன்னு உங்க தலைவர்களுக்குக் கூட உங்க அளவுக்குத் தெரியாது.

உங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு தெரியாம நான் எழுத வரல. 2013ல தியான்ஜின்ல இருந்த வெய்போ ஆபீஸ பத்தி ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டாங்க, காலேஜ் முடிச்ச சின்னப் பசங்க பன்னெண்டு மணி நேர ஷிப்ட்ல உக்காந்து மணிக்கு 3,000 போஸ்டாவது பாத்து முடிக்கணும்னு அதுல இருந்துச்சு. அதாவது ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட ஒண்ணு. அப்புறம் கம்பெனிங்க இந்த வேலைய சம்பளம் கம்மியா இருக்குற ஊருங்களுக்குத் தள்ளிக்கிட்டுப் போச்சு, ஜினான், செங்டு, வுஹான்னு. 2022 பிப்ரவரில, சீனப் புத்தாண்டு லீவு நேரத்துல, வுஹான்ல பிலிபிலிக்கு வேலை பாத்த 25 வயசுப் பையன் ஒருத்தன் மூளையில ரத்தக் கசிவு வந்து செத்துப் போனான். ஓவர்டைம் வேலைதான் காரணம்னு ஜனங்க கொதிச்சாங்க, கம்பெனி அப்படி இல்லன்னு மறுத்துச்சு, அப்புறம் அந்த வருஷமே இன்னும் 1,000 பேர ரிவ்யூ வேலைக்கு எடுக்குறோம்னு அறிவிச்சுச்சு. அந்தப் பையனோட சாவப் பத்தி வந்த கோபமான போஸ்டுங்களையும் உங்கள்ல யாரோதான் ஷிப்ட்ல உக்காந்து பாத்திருப்பீங்க, அத நினைச்சா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நீங்க தூக்குற எல்லாத்தையும் தூக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. குழந்தைங்கள வெச்சு எடுத்த அசிங்கம், ஆள வெட்டுற வீடியோ, வயசானவங்க சேமிப்ப அடிக்கிற மோசடி, இதையெல்லாம் நாள் பூரா பாத்து மத்தவங்க கண்ணுல படாம எடுக்குறீங்க, அதுக்கு எந்த நாட்டு ஆளா இருந்தாலும் உங்களுக்கு நன்றிதான் சொல்லணும். நான் பேச வந்தது மத்தத பத்தி. ஒரு டாக்டர் சொன்னது, ஒரு பொண்ணு தனக்கு நடந்தத எழுதுனது, வேலை கிடைக்கலன்னு ஒரு பையன் புலம்புனது.

உங்க டிரெய்னிங்க பத்தி 2019 ஆரம்பத்துல நியூயார்க் டைம்ஸ்ல வந்தத படிச்சதுல இருந்து அது என் மனச விட்டுப் போகல. செங்டுவுல ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி, புதுசா சேர்ற பசங்களுக்கு முதல்ல கிளாஸ் எடுக்குறாங்க. ஏன்னா அவங்களுக்கு 1989 ஜூன் 4ஆம் தேதி பீஜிங்ல தியானன்மென் போராட்டத்த ராணுவம் சுட்டு அடக்குனதே தெரியாது, ஜனநாயகம் கேட்டு ஜெயிலுக்குப் போன எழுத்தாளர் லியு சியாவ்போ யாருன்னே தெரியாது. தெரியாதவங்களால எப்படி அத கண்டுபிடிச்சு தூக்க முடியும்? அதனால சொல்லிக் குடுக்குறாங்க, பரீட்சை வெக்கிறாங்க. காலி நாற்காலி படம் வந்தா ஜாக்கிரதைன்னு சொல்லிக் குடுக்குறாங்க, ஏன்னா 2010 டிசம்பர்ல ஓஸ்லோவுல நோபல் அமைதிப் பரிசு குடுத்தப்போ லியு சியாவ்போ ஜெயில்ல இருந்தார், மேடையில அவருக்குப் போட்ட நாற்காலி காலியாவே இருந்துச்சு. 2017 ஜூலை 13 அவர் காவல்ல இருக்கும்போதே ஷென்யாங் ஆஸ்பத்திரில கேன்சர்ல போய்ச் சேந்தார், அப்போ ரெண்டு பேர் தனியா பேசிக்கிற வீசாட் சாட்ல கூட அவர் சம்பந்தப்பட்ட படங்க போய்ச் சேரலன்னு டொரான்டோவுல இருக்குற சிட்டிசன் லேப் ஆராய்ச்சியாளர்கள் டெஸ்ட் பண்ணி எழுதுனாங்க. அனுப்புனவருக்கு அது போகலன்னு ஒரு தகவலும் வராது.

உங்க ஸ்கூல்ல சொல்லித் தராதது, உங்க அப்பா அம்மா வாயத் திறந்து சொல்ல பயந்தது, அது உங்களுக்கு வேலைக்குச் சேந்த முதல் வாரத்துல கம்பெனி ப்ராஜெக்டர்ல தெரிய வருது. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயி யார்கிட்டயும் அத சொல்ல முடியாம நீங்க சாப்பிட்டுப் படுத்திருப்பீங்க. அந்த ராத்திரி உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

உங்க மேல எங்கேருந்து அழுத்தம் வருதுன்னும் எனக்குப் புரியுது. சட்டத்துல எது தப்புன்னு தெளிவா இருந்தா நீங்க இவ்வளவு தூக்க வேண்டிய அவசியமே இல்ல. "பொது ஒழுங்கக் கெடுக்குறது", "வதந்தி பரப்புறது"ன்னு யாருக்கு எப்படி வேணா இழுக்குற மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. 2013 செப்டம்பர்ல உங்க உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் குடுத்துச்சு, அவதூறுன்னு முடிவான ஒரு போஸ்ட்ட 5,000 பேர் பாத்தாலோ 500 பேர் ஷேர் பண்ணாலோ அத சீரியஸான குற்றமா எடுத்து மூணு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம்னு. 500 ஷேர்ங்கிறது உங்க ஊர்ல ஒரு காலேஜ் பொண்ணு பூனைப் படம் போட்டாலே வந்துடும். கம்பெனிங்கள எடுத்துக்கிட்டா 2021 ஜனவரில இருந்து நவம்பருக்குள்ள வெய்போவுக்கு மட்டும் 44 தடவ நடவடிக்கை, மொத்தம் 1 கோடியே 43 லட்சம் யுவான் அபராதம், அதுக்கு மேல டிசம்பர்ல ஒரே தடவையா 30 லட்சம் யுவான். சினிமா புக்குன்னு பேசிக்கிட்டிருந்த டௌபானையும் விடல, அதே வருஷம் 20 தடவ, 90 லட்சம் யுவான். இத எல்லாம் அறிவிச்சதே சைபர்ஸ்பேஸ் நிர்வாகம்தான், பெருமையா அறிவிச்சாங்க. அப்போ முதலாளி என்ன பண்ணுவான், மேனேஜர கூப்பிட்டு ஒண்ணு தப்பிச்சாலும் உன்னைத் தூக்கிடுவேன்னு சொல்லுவான், மேனேஜர் உங்க டீம் லீடர்கிட்ட சொல்லுவான், டீம் லீடர் உங்ககிட்ட டவுட் இருந்தா தூக்கிடுன்னு சொல்லுவான். அரசாங்கம் கேட்டது பத்துன்னா உங்க கை தூக்குறது நூறு. அந்த மிச்சம் தொண்ணூறு பயத்துல போனது. இந்த மடல் முழுக்க அந்தத் தொண்ணூறப் பத்தித்தான்.

இதனால என்ன ஆகும்னு உலகத்துக்கே காட்டுனது கொரோனா ஆரம்பிச்ச நேரத்து வுஹான்தான், அதனால அத கொஞ்சம் நிதானமா சொல்றேன், நீங்க பொறுத்துக்கணும்.

2019 டிசம்பர் 30 சாயங்காலம், வுஹான் சென்ட்ரல் ஆஸ்பத்திரி கண் டாக்டர் லி வென்லியாங், கூடப் படிச்ச டாக்டர்கள் இருக்குற வீசாட் குரூப்ல, ஹுவானான் மார்க்கெட்ல இருந்து ஏழு பேருக்கு சார்ஸ் மாதிரி வந்திருக்கு, வீட்ல இருக்குறவங்கள ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்கன்னு மெசேஜ் போட்டார். ஊருக்கு மைக் புடிச்சு அவர் அறிவிக்கல, சொந்த நண்பர்கள்கிட்ட சொன்னார். மறுநாள், டிசம்பர் 31, ஒய்ஒய்ங்கிற லைவ் ஸ்ட்ரீமிங் ஆப்போட தடை லிஸ்ட்ல அந்த நிமோனியா சம்பந்தமா 45 வார்த்தைங்க புதுசா ஏறிடுச்சு, இதையும் சிட்டிசன் லேப்தான் கண்டுபிடிச்சாங்க. ஜனவரி 1, எட்டு பேர் வதந்தி பரப்புனதுக்காக நடவடிக்கை எடுத்துட்டோம்னு வுஹான் போலீஸ் அறிவிச்சுச்சு, சென்ட்ரல் டிவியிலயும் அது ஓடுச்சு. ஜனவரி 3, டாக்டர் லிய ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒரு கண்டிப்புக் கடிதத்துல கையெழுத்து வாங்குனாங்க. இனிமே இப்படி செய்யாம இருக்க முடியுமான்னு அதுல ஒரு கேள்வி, முடியும்னு கையால எழுதியிருக்கார். புரிஞ்சுதான்னு இன்னொரு கேள்வி, புரிஞ்சுதுன்னு எழுதியிருக்கார். ரெண்டு எடத்துலயும் சிவப்பு மையில அவரோட கைநாட்டு. அந்தக் காகிதத்தோட போட்டோவ அவரே பின்னாடி வெய்போவுல போட்டார், நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க.

ஜனவரி முதல் ரெண்டு மூணு வாரம் அந்த ஊர்ல டாக்டருங்க வாய் மூடியிருந்தாங்க, மார்க்கெட் பக்கம் மாஸ்க் இல்லாம ஜனங்க நடந்தாங்க, ஒரு பெரிய குடியிருப்புல ஜனங்க சேந்து பெரிய விருந்து கூட நடந்துச்சு. ஜனவரி 23 ஊரையே மூடுனாங்க. ஜனவரி 28 உங்க உச்ச நீதிமன்றத்தோட கணக்குலயே ஒரு கட்டுரை வந்துச்சு, அந்த "வதந்தி"ய ஜனங்க அன்னைக்கே நம்பி மாஸ்க் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு. பிப்ரவரி 7 விடிகாலை 2:58க்கு டாக்டர் லி அதே வியாதியில இறந்துட்டதா ஆஸ்பத்திரி அறிவிச்சுச்சு, அவருக்கு முப்பதுகள்லதான் வயசு. மார்ச் 19 பீஜிங்ல இருந்து வந்த விசாரணைக் குழு அந்தக் கண்டிப்புக் கடிதமே தப்புன்னு சொன்ன பிறகு வுஹான் போலீஸ் அத ரத்து பண்ணி குடும்பத்துகிட்ட மன்னிப்பு கேட்டாங்க, ஏப்ரல்ல அவருக்குத் தியாகின்னு பட்டமும் குடுத்தாங்க. அவர் மேல எழுதுனது தப்புன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட விஷயம் இது. ஆனா அந்த 45 வார்த்தை லிஸ்ட்டு போட்டதுக்காக, அதே மாதிரி 2020 ஜனவரி 1ல இருந்து பிப்ரவரி பாதிக்குள்ள வீசாட்ல அடைபட்டிருந்ததா சிட்டிசன் லேப் கண்டுபிடிச்ச 516 வார்த்தைச் சேர்க்கைகளுக்காக, யாரும் யார்கிட்டயும் மன்னிப்பு கேட்டதா நான் படிக்கல.

அந்த பிப்ரவரி ராத்திரி வேலையில இருந்தவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. எனக்கு பேச்சு சுதந்திரம் வேணும்னு ஒரு ஹேஷ்டேக் வெய்போவுல கிளம்புச்சு, கொஞ்ச மணி நேரத்துலயே இல்லாம போச்சு. உங்க நாட்டு அரசியல் சட்டம் 35ஆவது பிரிவுல எழுதி வெச்சிருக்குற உரிமைய, ஒரு டாக்டர் செத்த ராத்திரி, ஜனங்க வாய் விட்டுக் கேட்டாங்க. அத உங்க கையால தூக்குனீங்க. சொந்த அக்காவோ மாமாவோ அதே ராத்திரி வுஹான் ஆஸ்பத்திரி வாசல்ல பெட்டுக்குக் காத்துக்கிட்டிருந்த ஆளுங்க உங்கள்லயே இருந்திருப்பீங்க, அதையும் நான் யோசிச்சுப் பாக்குறேன்.

அடுத்த மாசம், மார்ச் 10, அதே ஆஸ்பத்திரியோட எமர்ஜென்சி டைரக்டர் ஐ ஃபென் ஒரு பத்திரிகைக்குக் குடுத்த பேட்டி வந்துச்சு. டிசம்பர் 30 லேப் ரிப்போர்ட்ல சார்ஸ் கொரோனாவைரஸ்ங்கிற எடத்த சிவப்பு வட்டம் போட்டு அனுப்புனதே அவங்கதான், அதுக்கு ஆஸ்பத்திரில வாங்குன திட்டையும், இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா யார் திட்டுனா எனக்கென்னன்னு எல்லா எடத்துலயும் போய் சொல்லியிருப்பேங்கிற மாதிரி அவங்க மனசு வெந்து பேசுனதையும் அதுல போட்டிருந்தாங்க. அன்னைக்கே தூக்கிட்டாங்க. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஏன்னா உங்க ஸ்கிரீன்லதான் அது மழையா கொட்டுச்சு. ஒருத்தர் அந்தப் பேட்டிய கடைசி எழுத்துல இருந்து தலைகீழா எழுதி போட்டார். ஒருத்தர் முழுசா எமோஜியில போட்டார். மோர்ஸ் கோட்ல வந்துச்சு, கியூஆர் கோடா வந்துச்சு. எந்த மெஷினும் புடிக்க முடியாத மாதிரி ஜனங்க ராத்திரி பூரா உக்காந்து மாத்தி மாத்தி எழுதுனாங்க. அப்போ வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவங்க, வியாதி பயத்துல இருந்தவங்க, ஒரு டாக்டரோட வார்த்தை அழிஞ்சுடக்கூடாதுன்னு இவ்வளவு பாடுபட்டாங்கன்னா அந்த வார்த்தை அவங்களுக்கு எவ்வளவு வேண்டியதா இருந்திருக்கணும்.

அப்படியேதான் 2022 ஏப்ரல்ல ஷாங்காய் லாக்டவுன்ல ஜனங்க போன்ல கெஞ்சுன குரலையெல்லாம் சேத்து ஆறு நிமிஷ வீடியோ வந்தப்போ, தூக்கத் தூக்க தலைகீழா திருப்பி, கார்ட்டூன் நடுவுல வெச்சுன்னு போட்டாங்க. அந்த வருஷம் நவம்பர்ல குவாங்சோ ஜனங்க காண்டோனீஸ்ல திட்டி எழுதுனது பல நாள் அப்படியே நின்னுச்சு, ஏன்னா அந்தப் பேச்சு வழக்கு ஃபில்டருக்குச் சரியாப் புடிபடல. வீட்ல பேசுற மொழி ஒரு ஜனத்துக்கு எப்படிக் கைகொடுக்கும்னு தமிழ்காரங்களுக்குச் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, அத படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. நவம்பர் 24 உரும்சி அபார்ட்மென்ட் தீயில பத்து பேர் செத்த பிறகு எதுவுமே எழுதாத வெள்ளைப் பேப்பர கையில தூக்கிக்கிட்டு தெருவுல நின்னாங்க. 2024 பிப்ரவரில ஷேர் மார்க்கெட் விழுந்தப்போ வேற எங்கயும் புலம்ப முடியாம, அமெரிக்கத் தூதரகம் வெய்போவுல ஒட்டகச்சிவிங்கி பாதுகாப்ப பத்திப் போட்ட ஒரு போஸ்ட்டுக்குக் கீழ வந்து ஆயிரக்கணக்குல கமெண்ட் எழுதுனாங்க. நீங்க ஒரு கதவ மூடுறீங்க, அவங்க இன்னொண்ணத் தேடிப் போறாங்க, பதினைஞ்சு வருஷத்துக்கு மேலா இதுதான் நடக்குது. அவங்க பேசுறத நிறுத்தப் போறதில்ல.

பேச விட்டா என்ன நல்லது நடக்கும்னு கேட்டா சூசோ பக்கம் ஃபெங் கவுன்டில நடந்தத சொல்றேன். 2022 ஜனவரி கடைசில, குளிர்ல ஒரு ஷெட்டுக்குள்ள கழுத்துல சங்கிலியோட நின்ன ஒரு அம்மா, எட்டுப் பிள்ளைங்களுக்குத் தாய், அவங்க வீடியோ பரவுச்சு. உள்ளூர் அதிகாரிங்க முதல்ல அது கடத்தலே இல்ல, சட்டப்படி நடந்த கல்யாணம்னு அறிக்கை விட்டாங்க. ஜனங்க விடல, கல்யாண சர்டிபிகேட்டுல இருந்த போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தாங்க, பழைய வழக்குங்கள தோண்டுனாங்க, ஒலிம்பிக்ஸ் நடந்துக்கிட்டிருந்த நேரத்துலயும் அந்த அம்மாவ மறக்கல. அறிக்கை மேல அறிக்கையா அதிகாரிங்க தாங்க சொன்னத தாங்களே மாத்த வேண்டி வந்துச்சு, கடைசில மாகாண அரசே விசாரிச்சு, அவங்க யுன்னான்ல இருந்து வித்து வாங்கப்பட்டவங்கன்னு ஒத்துக்கிட்டு 17 அதிகாரிங்க மேல நடவடிக்கை எடுத்துச்சு, அந்தப் புருஷனுக்கு 2023ல ஒன்பது வருஷம் ஜெயில். இதுலயும் நிறைய போஸ்ட் தூக்கப்பட்டுச்சு, அவங்கள பாக்கப் போன பொண்ணுங்கள போலீஸ் புடிச்சுச்சு. ஆனா எல்லாத்தையும் தூக்கியிருந்தா முதல் அறிக்கையோட கதை முடிஞ்சிருக்கும். அந்த நாட்கள்ல உங்கள்ல யாரோ ஒரு தங்கச்சி ஒரு போஸ்ட்ட பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருந்தா, அவளுக்கு என் கையெடுத்த கும்பிடு.

உன் நாட்ட பாருன்னு நீங்க சொல்லலாம், அது நியாயமான கேள்விதான். இந்தியாவுல 2012ல ஒரு ஃபேஸ்புக் போஸ்ட்டுக்காகவும் அதுக்கு லைக் போட்டதுக்காகவும் மும்பை பக்கத்துல ரெண்டு பொண்ணுங்கள அரெஸ்ட் பண்ணாங்க, காஷ்மீர்ல 2019 ஆகஸ்ட்ல நெட்ட மூடுனவங்க 4ஜிய திருப்பிக் குடுக்க பதினெட்டு மாசம் ஆக்குனாங்க. அதையும் நான் இதே கோபத்தோடதான் பேசுறேன். ஆனா அந்த ரெண்டு பொண்ணுங்களுக்காக ஒரு சட்ட மாணவி கோர்ட்டுக்குப் போனாங்க, 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரி அரெஸ்ட்டுக்கு வழி விட்ட ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவையே தூக்கி எறிஞ்சுச்சு. அப்படிப் போய் கேக்க உங்க ஜனங்களுக்கு ஒரு எடம் இல்ல. போஸ்ட் ஏன் போச்சுன்னு கேக்கக்கூட முடியாது, பல நேரம் போனதே தெரியாது, ஏன்னா எழுதுனவருக்கு மட்டும் தெரியுற மாதிரி வெச்சுட்டு மத்த எல்லார் கண்ணுல இருந்தும் மறைக்கிற வழி ஒண்ணு உங்க சிஸ்டத்துல இருக்கு. அவர் எழுதிட்டு யாராவது பதில் சொல்வாங்கன்னு காத்துக்கிட்டிருப்பார். இத்தனை வழியில இது ஒண்ணுதான் எனக்கு ரொம்பக் கொடுமையாப் படுது. டிலீட் பண்ணாக் கூட அவருக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும்.

2025 செப்டம்பர்ல ஒரு புது உத்தரவு வந்துச்சு, ரெண்டு மாச இயக்கம், "எதிர்மறை உணர்ச்சிகளத் தூண்டுறது" எல்லாத்தையும் சுத்தம் பண்ணணுமாம். உழைச்சு ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, படிச்சு ஒண்ணும் பிரயோஜனம் இல்லங்கிற மாதிரி எழுதுறது கூட அதுல வந்துச்சு. 2023 ஜூன்ல உங்க நாட்டுல டவுன் பக்கம் இருக்குற இளைஞர்கள்ல வேலையில்லாதவங்க 21.3 சதவீதம்னு அரசாங்கக் கணக்கே சொல்லுச்சு, அடுத்த மாசத்துல இருந்து அந்தக் கணக்க வெளியிடுறதயே கொஞ்ச காலம் நிறுத்தி வெச்சாங்க. முதல்ல கணக்க நிறுத்துனாங்க, அப்புறம் வருத்தத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. இந்த வேலைக்கு நீங்க வந்ததே படிச்ச படிப்புக்கு வேற வேலை கிடைக்காமத்தானே? டிகிரி முடிச்சுட்டு சாப்பாடு டெலிவரி பண்றேன்னு ஒரு பையன் எழுதுறத நீங்க தூக்கும்போது உங்க கூடப் படிச்சவன் ஞாபகம் வராம இருக்குமா? அவன் யாரையும் தூண்டல, அவனுக்கு வலிக்குது, சொல்றான்.

உங்கள ஜெயிலுக்குப் போகச் சொல்லி நான் கேக்க மாட்டேன், கேக்க எனக்கு உரிமையும் இல்ல. தூக்குன கட்டுரைங்கள கிட்ஹப்ங்கிற வெளிநாட்டு சைட்ல சேத்து வெச்ச சென் மெய், சாய் வெய்ங்கிற ரெண்டு பசங்களுக்கு பதினைஞ்சு மாசம் ஜெயில். வுஹான் தெருவுல போன வெச்சு வீடியோ எடுத்துப் போட்ட முன்னாள் வக்கீல் ஜாங் ஜான் நாலு வருஷம் உள்ள இருந்து 2024 மே மாசம் வெளிய வந்து, சில மாசத்துலயே திரும்பப் புடிபட்டாங்க. உங்க வேலையவே பாத்த லியு லிபெங், தியான்ஜின் வெய்போ ஆபீஸ்ல தினம் வந்த உத்தரவுகள கமுக்கமா காப்பி எடுத்து வெச்சு, பின்னாடி அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பேர் சொல்லிப் பேச முடிஞ்சுச்சு. அப்படி ஒருத்தர் உங்க வரிசையில உக்காந்திருந்தாருங்கிறதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

நான் கேக்குறது சின்னது. மேல இருந்து பேர் சொல்லி வந்த உத்தரவுல உங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா டவுட்டுல இருக்குறது உங்க கையிலதான் இருக்கு. அந்த டவுட்டு வர்ற எடத்துல விட்டுடுங்க. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கட்டடம், தண்ணி, மருந்து, சாப்பாடு, இதுல ஏதாவது ஆபத்துன்னு ஒருத்தர் எழுதுனா அதுல கை வெக்காதீங்க, அடுத்த டாக்டர் லி அதுக்குள்ளதான் இருப்பார். தூக்கியே ஆகணும்னா போஸ்ட்ட தூக்குங்க, எழுதுனவர் அக்கவுண்ட்ட விட்டுடுங்க, பல வருஷத்துப் போட்டோவும் செத்துப் போன அம்மாவோட வாய்ஸ் மெசேஜும் அதுலதான் இருக்கும். புதுசா டீம்ல சேர்ற பசங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்குற எடத்துக்கு வந்தா, எத தூக்கணும்னு மட்டும் சொல்லாம அது நெஜமா நடந்துச்சுன்னும் சொல்லுங்க.

அப்புறம் டாக்டர் லியோட வெய்போ பக்கம். பிப்ரவரி 1, டெஸ்ட் பாசிட்டிவ், எல்லாம் தெளிவாயிடுச்சு, உறுதியாயிடுச்சுன்னு அவர் போட்ட கடைசி போஸ்ட்டுக்குக் கீழ இன்னிக்கும் ஜனங்க எழுதுறாங்க, பத்து லட்சத்துக்கு மேல கமெண்ட் ஆச்சு. என் ஆபீஸ்ல, வுஹான் இருக்குற ஹூபெய் மாகாணத்துத் தோழி ஒருத்தி சாப்பாட்டு நேரத்துல அத போன்ல திறந்து எனக்கு இங்கிலீஷ்ல படிச்சுச் சொன்னா. டாக்டர் லி, காலை வணக்கம். டாக்டர் லி, இன்னிக்கு எனக்கு இன்டர்வியூ. டாக்டர் லி, என் பொண்ணு பொறந்துட்டா. டாக்டர் லி, நான் இப்போ உங்க வயச தாண்டிட்டேன். அவருக்குப் புடிச்ச ஃப்ரைட் சிக்கன் லெக் இன்னிக்கு சாப்பிட்டேன்னு ஒருத்தர். யாரும் யாரையும் திட்டல. அந்தப் பக்கத்தையும் நீங்கதான் ரிவ்யூ பண்றீங்க, அத இத்தனை வருஷமா மூடாம வெச்சிருக்கறதுல உங்க கையும் இருக்குன்னு நான் நம்புறேன், அதுக்கு நன்றி. என்னைக்காவது அத மூடச் சொல்லி ஆர்டர் வந்தா, அது ஒரு நிமிஷம் நடக்குற வேலை இல்லன்னு மேல சொல்லுங்க, டெக்னிக்கல் பிரச்சனைன்னு சொல்லுங்க, அடுத்த ஷிப்ட்டுக்குத் தள்ளுங்க, அவங்களும் அதுக்கடுத்த ஷிப்ட்டுக்குத் தள்ளட்டும்.

அன்புடன்,
சிங்கப்பூர்ல இருந்து உங்க அண்ணன் ஒருத்தன்